இணையவெளியில் நகைச்சுவைத் தொடர்கள்: ஓர் ஆய்வு

முன்னுரை

மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையையே தொல்காப்பியம் முதற்கண் வைத்துள்ளது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகை பிறக்கும் களங்கள் என்பது அந்நூல் காட்டும் பாகுபாடு. நகை எதனால் பிறக்கிறது என்பது அன்றைய ஆராய்ச்சி. பிறரை நகைக்கவைக்கும் வாய்ப்பு எவர் கையில் உள்ளது என்பது நம் காலத்து வினா. அமெரிக்காவில் இணையத்திற்கென்றே உருவாக்கப்பட்ட நகைச்சுவைத் தொடர்கள் மூன்றினை இவ்வினாவின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாயில் காப்போர்

தொலைக்காட்சியில் ஒரு தொடர் இடம்பெற வேண்டுமாயின் அது பல வாயில்களைக் கடத்தல் வேண்டும். எழுத்தாளர் கதையை எழுதுகிறார்; நிறுவனத்தார் அதனை ஏற்க வேண்டும்; வெள்ளோட்டப் பகுதியொன்று எடுக்கப்பட வேண்டும்; அதன் பின்னரே ஒளிபரப்பு நேரம் ஒதுக்கப்படும். அரைமணி நேர ஒதுக்கீட்டில் விளம்பரம் நீங்கலாக ஏறத்தாழ 22 நிமிடங்களே கதைக்கு எஞ்சும். பெருந்திரளான மக்களைக் கவராது எனக் கருதப்படும் கதை முதல் வாயிலிலேயே நின்றுவிடும். 2005இல் யூடியூப் தோன்றியபோது, இவ்வாயில்களைக் கடவாமலேயே பார்வையாளரை அடையும் வழி ஒன்று பிறந்தது.

தி கில்டு

ஃபெலிசியா டே என்னும் நடிகை, இணைய விளையாட்டில் தாம் மூழ்கிக் கிடந்த பட்டறிவைக் கொண்டு தொலைக்காட்சிக்கென ஒரு நகைச்சுவைக் கதையை எழுதினார். அங்கு அதற்கு இடம் வாய்க்கவில்லை. எனவே, அதனைச் சிறு பகுதிகளாக்கி 2007 சூலைத் திங்களில் இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். விளையாட்டில் வீரச்செயல் புரியும் கதைத்தலைவி, உடன் விளையாடுவோன் ஒருவன் நேரில் வந்து வாயிற்படியில் நின்றதும் செய்வதறியாது திகைக்கிறாள். பேதைமை என்னும் களத்தில் பிறக்கும் நகை இஃது எனலாம்.

முதல் மூன்று பகுதிகளுக்குப் பின் பணம் தட்டுப்பட்டது. பார்வையாளர் தாமே முன்வந்து நன்கொடை அனுப்ப, முதற்பருவம் நிறைவுற்றது. பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் துணை நின்றபோதும் படைப்பின் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தொடர் 2013 வரை ஆறு பருவங்கள் நடைபெற்றது.

வேலைநிறுத்தத்தின் விளைவு

2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தம் எழுத்து இணையவழி ஈட்டும் வருவாயில் உரிய பங்கு வேண்டும் என்பது அவர்தம் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. அக்காலத்தில் கருக்கொண்டதே ஜாஸ் வீடனின் 'டாக்டர் ஹாரிபிள்ஸ் சிங்-அலாங் பிளாக்'. தம் சொந்தப் பணத்தில் அவர் எடுத்த இவ்விசை நகைச்சுவை, 2008 சூலையில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. சில நாள்கள் இலவசமாகக் காட்டப்பட்டு, பின் விற்பனைக்கு வந்தது. 2009இல் எம்மி விருதும் பெற்றது. நிறுவனத்தின் துணையின்றியும் படைப்பாளர் தரமான ஆக்கத்தைத் தரவியலும் என்பதற்கு இது சான்றாயிற்று.

எள்ளலின் இருபக்கம்

எள்ளல் என்பதற்குத் தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என இருநிலை கூறுவார் பேராசிரியர். இரண்டாம் நிலைக்குத் தக்க சான்றாவது, ஈசா ரே 2011இல் தொடங்கிய 'தி மிஸ்அட்வென்சர்ஸ் ஆஃப் ஆக்வர்ட் பிளாக் கேர்ள்'. கூச்சமும் தடுமாற்றமும் உடைய கறுப்பினப் பெண்ணொருத்தி, அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்லவியலாதவற்றைத் தன் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறாள். அவள் கேலிப்பொருளாக வந்துபோகும் துணைமாந்தர் அல்லள். தன் தடுமாற்றத்தைத் தானே எடுத்துரைக்கும் தலைவி. அத்தகையோரைத் தொலைக்காட்சியில் காண்பது அரிதாயிருந்த காலம் அது. இத்தொடரும் பணமின்றி நிற்க நேர்ந்தபோது, பார்வையாளர் 56,000 டாலருக்கு மேல் திரட்டித் தந்தனர். தங்களைத் திரையில் கண்டோர் தந்த பொருள் அது.

வடிவ மாற்றம்

நேர ஒதுக்கீடு நீங்கியதும் வடிவமும் மாறியது. சில நிமிடங்களே ஓடும் பகுதிகளில் நீண்ட அறிமுகத்திற்கு இடமில்லை. பின்னணியில் ஒலிக்கும் சிரிப்பொலி மறைந்தது. கதைமாந்தர் கணினியின் படக்கருவியை நோக்கி நேரே பேசலாயினர். பார்ப்போரும் கணினியின் முன் தனித்திருந்தமையால், அப்பேச்சு ஒருவர் மற்றொருவரிடம் மனம்விட்டுப் பேசுவது போன்ற நெருக்கத்தைத் தந்தது.

முடிவுரை

எனினும் வாயில்கள் முற்றும் ஒழிந்தன எனக் கூறுதல் பொருந்தாது. ஈசா ரேயின் அடுத்த படைப்பான 'இன்செக்யூர்' 2016 முதல் 2021 வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று, இணையம் அவருக்குத் தொலைக்காட்சியின் கதவைத் திறந்த திறவுகோலும் ஆயிற்று. இன்று கட்டணம் பெறும் பெருநிறுவனங்கள் தாமே தொடர்களுக்குப் பணம் இடுகின்றன. அவற்றின் இசைவைப் பெறுதல் மீண்டும் ஒரு வாயிலாகிறது. யூடியூபிலோ, எதனை எவர் கண்முன் நிறுத்துவது என்பதைக் கணினியின் கணக்கு முறையே பெரிதும் முடிவு செய்கிறது. அதுவும் ஒரு வாயில் காப்போனே.

ஆயினும் இம்மூன்று தொடர்கள் மெய்ப்பித்த உண்மை ஒன்றுண்டு. 'இதனைக் காண்பார் இலர்' என்று வாயில் காப்போர் கூறும்போது, காண்பாரை அவர்கள் கேட்டறிந்து கூறுவதில்லை. காண்போர் இருந்தனர், காத்திருந்தனர், தம் கைப்பொருளையும் தந்தனர். எழுத விழையும் மாணவர் நெஞ்சில் இருத்தத்தக்கது இதுவேயாம்.