பலகையும் கோடும் கையும்

அன்புள்ள தேன்மொழிக்கு,

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) தேர்வுக்காகக் குறியீட்டுப் படங்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். தேர்வில் தேற அது போதும். ஆனால் வண்டி அறுபதில் போகும்போது, இது எந்தப் பக்கத்தில் பார்த்த படம் என்று யோசிக்க நேரம் கிடைக்காது. அதனால் படத்துக்கு முன்னால் வடிவத்தைப் பழகிக்கொள்.

வட்டம் என்றால் உத்தரவு. சிவப்பு விளிம்பு இருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்றைத் தடுக்கிறது அல்லது ஓர் எல்லை வைக்கிறது. முழு நீலம் என்றால் ‘இப்படித்தான் போக வேண்டும்’. முக்கோணம் எச்சரிக்கை: முன்னால் வளைவு, குறுகிய பாலம், பள்ளிக்கூடம். செவ்வகம் வெறும் தகவல்: மருத்துவமனை, பெட்ரோல் பங்க். இவற்றோடு சேராமல் இரண்டு பலகைகள் தனித்து நிற்கும். எட்டு மூலையோடு சிவப்பாக இருப்பது ‘நில்’. தலைகீழ் முக்கோணம் ‘வழிவிடு’. வேறு எதற்கும் இல்லாத உருவத்தை இந்த இரண்டுக்கும் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. பெயிண்ட் உதிர்ந்தாலும், பின்பக்கமிருந்து பார்த்தாலும் இன்னதென்று தெரிய வேண்டும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டி எழுத்தை மறைத்துவிடும் நம் ஊருக்கு ரொம்பப் பொருத்தமான ஏற்பாடு. 1968-ல் வியன்னாவில் பல நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையிலும் இதே உருவங்களைப் பார்க்கலாம்.

பலரும் குழம்பும் ஓர் இடம்: நீல வட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு குறுக்கே போனால் ‘நோ பார்க்கிங்’, இரண்டு கோடுகள் பெருக்கல் குறியாக வெட்டிக்கொண்டால் ‘நிறுத்தவே கூடாது’. முன்னதில் பாட்டியை இறக்கிவிட்டுக் கிளம்பலாம். பின்னதில் அதுவும் முடியாது.

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஏனோ தரையைக் கவனிப்பதில்லை. எனக்குப் பலகையைவிடக் கோடுதான் முக்கியம். பலகை ஒரு தடவை சொல்லிவிட்டுப் பின்னால் போய்விடும், கோடு கூடவே வரும். நடுவில் விட்டு விட்டுப் போட்டிருந்தால், எதிரே வண்டி இல்லாதபோது தாண்டிக்கொள்ளலாம். விடாமல் நீண்டால் தாண்டக் கூடாது. இரண்டு கோடுகள் ஒட்டி ஓடி, ஒன்று விட்டு விட்டும் மற்றது தொடர்ந்தும் இருந்தால் உன் பக்கத்துக் கோடுதான் உனக்கு. ஒரே சாலையில் ஒருவருக்கு அனுமதி, இன்னொருவருக்குத் தடை, ஏன்? மேட்டைத் தாண்டி இறங்குகிறவருக்கு முன்னால் வெகுதூரம் தெரியும். ஏறி வருகிறவருக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்றே தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரியாததைத்தான் கோடு சொல்கிறது.

சந்திப்பின் நடுவே மஞ்சளில் வலைபோலக் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டிருந்தால், அந்தப் பக்கம் போய் நிற்க இடம் இருந்தால்தான் உள்ளே நுழைய வேண்டும். பச்சை எரிகிறதே என்று நுழைந்து நடுவில் மாட்டிக்கொண்டால், அடுத்த பச்சையில் நான்கு பக்கமும் அடைத்துக்கொள்ளும். சிக்னலில் நிறுத்தக் கோட்டைத் தாண்டி ஜீப்ரா கோட்டின் மேல் ஏறி நிற்பதும் இதே அவசரம்தான். நடந்து வருகிற பெரியவர் பைக்குகளின் இடுக்கில் புகுந்து போக வேண்டியிருக்கிறது.

இரவில் கோடு மின்னுவது, பெயிண்டில் கலந்தும் மேலே தூவியும் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகளால். உன் முகப்பு விளக்கின் ஒளியை அவை உன் பக்கமே திருப்பி அனுப்புகின்றன. மழை பெய்து தண்ணீர் அந்த மணிகளை மூடிவிட்டால் கோடு மங்கிவிடும். மழை இரவில் மெதுவாகப் போக இது ஒன்றே போதுமான காரணம்.

இனி கை. இண்டிகேட்டர் இருக்கும்போது கை எதற்கு என்பாய். பல்பு போனால் தெரியும். வலது கையை நேராக வெளியே நீட்டி, உள்ளங்கையை முன்பக்கம் காட்டினால் வலப்பக்கம் திரும்புகிறாய். அதே கையை நீட்டிக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழற்றினால் இடப்பக்கம். உள்ளங்கை கீழே பார்க்க, நீட்டிய கையை மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைகிறது. முன்கையைச் செங்குத்தாக உயர்த்தினால் நிற்கப் போகிறாய்.

இது சட்டத்தின் மொழி. சாலையில் இன்னொரு மொழியும் உண்டு. முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் ‘நீ முந்திக்கொள்’ என்றும் இருக்கலாம், ‘நான் வலப்பக்கம் திரும்புகிறேன்’ என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே இருப்பது உன் உயிர். அந்த இண்டிகேட்டரை நம்பி முந்தாதே. நேராகப் போகிறேன் என்று நான்கு விளக்கையும் சிமிட்டவிட்டுச் சந்திப்பைக் கடப்பவர்களையும் பார்ப்பாய். அது பழுதாகி நின்ற வண்டிக்கான விளக்கு. பக்கத்தில் ஒரு பஸ் மறைத்து ஒரு விளக்கு மட்டும் தெரிந்தால், திரும்புகிறார்கள் என்றுதான் மற்றவர் நினைப்பார். அந்தப் பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ளாதே.

சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் நின்றால் அவர் கைதான் கடைசி வார்த்தை. பச்சை எரிந்தாலும் அவர் நிறுத்தினால் நிற்க வேண்டும். உனக்கு முதுகைக் காட்டியபடி கையைப் பக்கவாட்டில் நீட்டினால், அவர் நிறுத்துவது அவருக்குப் பின்னால் வருகிற உன்னைத்தான்.

உனக்கு வால்பாறை போக ஆசை என்று தெரியும். ஆழியாறிலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. அகலம் குறைந்த இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம்.

எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அந்த நாட்களில் பஸ்ஸில் போகும்போது முன்பக்க சீட்டில் உட்கார். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, நடுக்கோடு எங்கெங்கே மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா