'ஆல் பாஸ்' ஆவதற்கு முன்னே
நகர்மன்ற நடவடிக்கைகளைப் பின்தொடர விரும்பும் பிரஜைக்கு ஒரு வழிகாட்டி

கோயமுத்தூரில் டவுன்ஹால் என்னும் வட்டாரத்துக்கு அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது, விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஞாபகார்த்தமாகக் கட்டப்பட்டு இன்றும் மாநகராட்சி மாமன்றம் கூடுகின்ற விக்டோரியா ஹால்தான். ஜவுளி எடுக்கவும் நகை வாங்கவும் அந்த வழியே ஆயிரம் தடவை நடந்தவர்களுள், அதன் படியேறி ஒரே ஒரு கூட்டத்தையாவது உட்கார்ந்து பார்த்தவர்கள் அபூர்வம். நானும் நெடுங்காலம் அந்த ஆயிரம் தடவைக்காரர்களின் ஜாதியைச் சேர்ந்தவனாகவே இருந்தேன்.

என்னை மாற்றியது ஒரு பஜ்ஜி. ஒருநாள் பொழுதோட, எங்கள் ஊர் டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தில், எண்ணெய் ஊறி எழுத்துக்கள் தெளிந்து நின்ற ஓர் அறிவிப்பைக் கண்டேன். இருபுறமும் வேலியுள்ள வண்டிப்பாதையான எங்கள் இட்டேரியை ஒட்டிய சோளக்காட்டின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, அந்நிலத்தை விவசாய உபயோகத்திலிருந்து தொழிற்சாலை உபயோகத்துக்கு மாற்ற உத்தேசித்திருப்பதாகவும், ஆட்சேபம் உள்ளவர்கள் குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றும் அது கூறிற்று. "ஏனுங்கய்யா, பஜ்ஜியை உட்டுப்போட்டுக் காயிதத்தைப் படிச்சுட்டிருக்கறீங்க? அது பழைய பேப்பருங்க" என்றார் கடைக்காரர். பழைய பேப்பர்தான், கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பொது விவகாரங்களில் முடிவு என்பது, மன்றத்தில் உறுப்பினர்கள் மேசையைத் தட்டும் அந்த ஒரு நிமிஷத்தில் பிறப்பதன்று. அதற்கு முன்னே பல வாரங்கள் கோப்பிலும் வரைபடத்திலும் பத்திரிகையின் உள்பக்கத்திலும் அது சாவகாசமாக உருவாகிக்கொண்டிருக்கும் என்பதை அன்று நான் உணர்ந்தேன். அந்த வாரங்களில் ஒரு சாதாரண மனிதன் செய்யக்கூடியவை யாவை என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எந்த விவகாரம் யார் கையில் என்று அறிந்துகொள்ளுங்கள்

கோவை 1866-ல் நகராட்சியாகி 1981-ல் மாநகராட்சியானது. இன்று 100 வார்டுகள், 5 மண்டலங்கள். இங்கே கூடுவது மாமன்றம்; பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், கோபி, தாராபுரம் போன்ற நகராட்சிகளில் கூடுவது நகர்மன்றம். சாலை, சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர், சொத்து வரி, கடைகளின் குத்தகை, பட்ஜெட் ஆகியவை மன்றத்தின் முன் வருவன. ஆனால் எந்த நிலத்தில் எது எழும்பலாம் என்னும் பெரிய கேள்விக்கு விடை சொல்வது, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் உள்ளூர் திட்டக் குழுமமும், டி.டி.சி.பி. என்று எல்லோரும் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககமும், அவற்றுக்கு மேலே அரசுமாகும். மேற்கு மலையடிவாரத்துக் கிராமமாயின் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்துகொள்ளும். இதற்கு நேர்மாறாக, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்றின் பேரில் உடனடியாக அனுமதி கிடைப்பதால், பக்கத்து வீட்டின் மாடியைக் குறித்து மன்றத்தில் போய்க் காத்திருப்பதில் பிரயோஜனமில்லை.

மன்றம் என்ற ஒன்று எப்போதும் இருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை, தமிழ்நாட்டு நகரங்களில் தனி அலுவலர்களே மன்றத்தின் அதிகாரத்தைச் செலுத்தினர். கோவையில் 24 மணிநேரக் குடிநீருக்கான நீண்டகால ஒப்பந்தம் 2018-ல் கையெழுத்தானது அந்த இடைக்காலத்திலேதான். அத்தகைய காலத்தில் பார்வையாளர் இருக்கைக்கு வேலையில்லை. கோப்பைக் கேட்டு வாங்கிப் படிப்பது ஒன்றே வழி.

2. ஒரு நோட்டு, ஒரே ஒரு பொருள்

ஊரிலுள்ள குறைகள் அனைத்தையும் ஒரே மூச்சில் கவனிக்கப் புறப்படுகிறவர் மூன்றாம் மாதம் களைத்துப்போவார். உங்கள் வீதியின் மழைநீர் வடிகாலோ, பக்கத்துக் குட்டையோ, பூங்காவுக்கென்று விட்ட ரிசர்வ் சைட்டோ, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாற்பது பக்க நோட்டில் முதல் பக்கத்தில் அதன் வார்டு எண், மண்டலம், சர்வே எண் மூன்றையும் எழுதுங்கள். நம் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களில் 'இத்தனையாம் நெம்பர் காலை' என்று வருவது பழைய நில அளவை எண்ணாக இருக்கலாமாகையால், அதற்கு நேரான இன்றைய எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ சர்வேயரிடமோ கேட்டு இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்; அரசாங்கக் காகிதம் எதுவும் உங்கள் இட்டேரியை அதன் பெயரால் அழைக்காது, எண்ணால்தான் அழைக்கும்.

3. பொருள் நிரலைக் கையில் வாங்கி வாசியுங்கள்

மன்றம் பொதுவாக மாதம் ஒருமுறை கூடும். கூட்டத்துக்குச் சில நாள் முன்னதாக உறுப்பினர்களுக்கு அஜெண்டா என்னும் பொருள் நிரல் போய்ச் சேரும். உங்கள் கவுன்சிலரிடம், "ஒரு நாள் குடுங்க, படிச்சுப்போட்டுத் தந்தர்றனுங்க" என்று பணிவாகக் கேட்டால் தராதவர் குறைவு. அதன் நடை வறண்டதாயினும், சில சொற்களின் பொருள் தெரிந்துவிட்டால் ஒரு நாவலைப்போல் வாசிக்கலாம்.

'மதிப்பீடு' என்றால் வேலை இன்னும் தொடங்கவில்லை. பேசுவதற்கு அவகாசம் உண்டு. 'ஒப்பந்தப்புள்ளி ஏற்பு' என்றால் ஒப்பந்ததாரர் ஏறக்குறைய நிச்சயமாகிவிட்டார். 'திருத்திய மதிப்பீடு' என்றால் முன்பு சொன்ன தொகை போதவில்லை. ஏன் போதவில்லை என்பதே கேட்கத்தக்க கேள்வி. 'முன் அனுமதி' என்றால் மன்றம் கூடுமுன்பே தலைவர் இசைவு தந்துவிட்டார். 'பின்னேற்பு' என்றால் காரியம் முடிந்துபோயிற்று. மன்றத்தின் தலையசைப்பு ஒன்றே பாக்கி. உங்கள் பொருள் இவற்றுள் எந்தச் சொல்லின் கீழ் வருகிறது என்று பார்த்தாலே, நீங்கள் வேளையோடு வந்தீர்களா, பஜ்ஜிக் காகிதத்தோடு வந்தீர்களா என்பது தெரிந்துவிடும். கூட்டத்தன்று காலையில் சேர்க்கப்படும் 'டேபிள் அஜெண்டா'வைத் தவறாமல் விசாரியுங்கள்; அவசரமாக வருகின்ற பொருளை நிதானமாகப் பார்ப்பதே நல்லது.

4. கூட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள்

பார்வையாளருக்கு இடம் உண்டா, அனுமதிச் சீட்டு வேண்டுமா என்பதை மன்றப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அரைமணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுங்கள். பார்வையாளர் பேசலாகாது, குறிப்பு எடுக்கலாம். முதற்பகுதியில் பாராட்டும் வெளிநடப்பும் குடிநீர்ப் பற்றாக்குறைச் சண்டையுமாகப் பொழுது கழிவதைக் கண்டு சலித்து எழுந்து வந்துவிடாதீர்கள். பத்திரிகைக்கு வேண்டியது அந்தச் சண்டை. உங்களுக்கு வேண்டியது, அது ஓய்ந்தபின் பொருள் எண்களை மளமளவென்று வாசித்து 'ஆல் பாஸ்' என்று முடிக்கின்ற அந்தச் சில நிமிஷங்கள். உங்கள் பொருளின் எண் வரும்போது, நிறைவேறிற்றா, ஒத்திவைக்கப்பட்டதா, யாரேனும் ஆட்சேபம் பதிவு செய்யச் சொன்னாரா என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். ஒத்திவைக்கப்பட்ட பொருள் செத்துப்போவதில்லை. சில மாதம் கழித்து வேறோர் எண்ணோடு திரும்பி வரும்.

ஈரோட்டில் ஈ.வெ.ராவும் சேலத்தில் ராஜாஜியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நகரசபைத் தலைவர்களாயிருந்து குழாயையும் சாக்கடையையும் கவனித்தவர்கள் என்பதும், ஆர்.எஸ்.புரம் என்று நாம் சுருக்கிச் சொல்வது கோவை நகரசபைத் தலைவராயிருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் என்பதும், அந்தச் சலிப்பு மிகுந்த நிமிஷங்களில் நினைத்துக்கொள்ளத் தக்கவை.

5. வரைபடத்தையும் பத்திரிகை அறிவிப்பையும் கவனியுங்கள்

நகரின் ஜாதகம் போன்றது முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். கோவைக்கு முந்தைய திட்டம் 1994-ஆம் ஆண்டினது. 2041-ஐ நோக்கிய வரைவு அண்மை ஆண்டுகளில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இத்தகைய வரைவு வெளியானால், அரசிதழில் அறிவித்த நாளிலிருந்து குறைந்தபட்சம் இரண்டு மாதம் யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபமும் யோசனையும் தெரிவிக்கலாம் என்று சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. வரைபடத்தில் முதலில் வண்ண விளக்கத்தைப் பாருங்கள். பிறகு உங்கள் கிராமத்தைத் தேடி, நோட்டிலுள்ள சர்வே எண் எந்த வண்ணத்தில் விழுகிறது, அதன் குறுக்கே 'ஸ்கீம் ரோடு' என்னும் உத்தேசச் சாலை ஏதேனும் போகிறதா, பள்ளமும் குட்டையும் நீர்வழியாகவே காட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

திட்டம் அங்கீகாரமான பிறகும் தனித்தனி நிலங்களுக்கு உபயோக மாற்றம் கோரும் விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றுக்கான அறிவிப்பு நாளிதழ்களில், டெண்டர் விளம்பரத்துக்கும் காணவில்லை விளம்பரத்துக்கும் நடுவே, பொடி எழுத்தில் வெளியாகும். காலையில் பத்திரிகை வந்ததும் அந்தப் பக்கத்தை முதலில் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு விதிகளை மனத்தில் இருத்துக. 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக எஞ்சிய நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும். ஆகவே ரிசர்வ் சைட்டைக் குறித்துக் கேட்கவேண்டிய முதல் தஸ்தாவேஜு அந்தத் தானப்பத்திரமே. இரண்டாவது, திட்டத்தில் பொது உபயோகத்துக்கென்று குறிக்கப்பட்ட தனியார் நிலத்தை மூன்றாண்டுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால், 38-ஆம் பிரிவின்படி அந்த ஒதுக்கீடு நீங்கியதாகக் கருதப்படும். வரைபடத்தில் பூங்கா என்று பார்த்து மகிழ்ந்தவர்கள், அந்த மூன்றாண்டுக் கணக்கையும் நோட்டில் குறித்துவைப்பது உத்தமம்.

6. ஆட்சேப மனுவை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

கோபம் எத்தனை நியாயமானதாயினும் மனுவில் அதற்கு இடம் தராதீர்கள். அறிவிப்பின் தேதியும் எண்ணும், சர்வே எண், உங்களுக்கும் அந்நிலத்துக்கும் உள்ள சம்பந்தம், மூன்றுக்கு மிகாமல் ஆட்சேபத்துக்கான காரணங்கள், நீங்கள் கோரும் பரிகாரம், இவ்வளவே போதும். 'இயற்கை அழிகிறது' என்று எழுதுவதைவிட, 'மேற்படி நிலத்தின் வடபுறமுள்ள பள்ளத்தின் வழியாகவே ஊரின் மழைநீர் குளத்துக்குச் செல்கிறது. அங்கே சுவர் எழுந்தால் காலனிக்குள் தண்ணீர் திரும்பும்' என்று எழுதி, கிராம வரைபட நகலையும் மழைநாளில் எடுத்த ஒரு புகைப்படத்தையும் இணைப்பது ஆயிரம் மடங்கு பலமுடையது. மனுவைத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, கைவசமுள்ள நகலில் தேதியோடு முத்திரை பெறுங்கள். முத்திரையில்லாத மனு எழுதப்படாத மனுவுக்குச் சமானம்.

7. நகல்களைக் கேட்டுப் பெறுங்கள்

2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டிய வெள்ளைத் தாளில், பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 'ஏன் செய்தீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. 'இன்ன தேதியிட்ட தீர்மானத்தின் நகல், மதிப்பீட்டின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல்' என்று தஸ்தாவேஜுகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

8. பகுதி சபையில் பேசுங்கள்

மன்றத்தில் வாய் திறக்க முடியாத பிரஜைக்கு வாய் திறக்கும் இடமாக அமைந்தது பகுதி சபை. 2022-ல் விதிகள் வகுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று நகர்ப்புறங்களில் கூட்டங்கள் நடந்தன. அப்பகுதி வாக்காளர் யாவரும் அதில் கலந்துகொள்ளலாம். கிராம ஊராட்சியில் வசிப்பவர்களுக்கு ஆண்டில் ஆறு நாள் கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்கே பேசினாலும் ஒரே பொருளைப் பேசுங்கள். பேசியதை எழுத்திலும் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

9. டேப்போடு வீதிக்குப் போங்கள்

தீர்மானம் நிறைவேறிய பின்பும் நோட்டை மூடிவிடக் கூடாது. மதிப்பீட்டு நகலில் வடிகாலின் நீளம், அகலம், ஆழம் மீட்டர் கணக்கில் இருக்கும். கான்கிரீட் போடுவதற்கு முன், வேலைக்காரர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில், தையற்காரர் டேப் ஒன்றை எடுத்துப்போய் அளந்து நோட்டில் எழுதுங்கள். குறைந்தால் வார்டுப் பொறியாளரிடம் அன்றே சொல்லுங்கள். சிமெண்டு இறுகிய பின் சொல்வது பஜ்ஜிக் காகிதத்தில் அறிவிப்பைப் படிப்பதற்கு ஒப்பாகும்.

சோளக்காடு இருந்த இடத்தில் இன்று கிடங்கு நிற்கிறது. இட்டேரியில் லாரி வருகிறது. அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த லாரிப் பாதையின் ஓரத்தில் வடிகால் வரவேண்டும் என்பது என் நோட்டின் இரண்டாம் பொருள். மதிப்பீடு என்ற சொல்லின் கீழ்தான் அது இப்போது இருக்கிறது. ஆகையால் பேசுவதற்கு அவகாசம் உண்டு. டீக்கடைக்காரரிடமும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன்: மடிப்பதற்குக் காகிதத்தைக் கிழிக்குமுன், பொடி எழுத்துப் பக்கத்தை எனக்குத் தனியே எடுத்துவைத்துவிடுவார்.