காளான்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மாரி மழை தொடங்கியதும் வேலியோரங்களிலும், உக்கிய வைக்கோலிலும், கறையான் புற்றுகளிலும் காளான்கள் தலைகாட்டுகின்றன. மாலையில் வெறும் நிலமாய்க் கிடந்த இடத்தில் காலையில் குடை விரித்து நிற்கும் காளானைப் பற்றி நம் மக்களிடையே பல நம்பிக்கைகள் உண்டு. அவற்றுட் சில தீங்கற்றவை. வேறு சிலவோ உயிரையே பறிக்கக்கூடியவை. ஆகவே இவற்றை வேறுபடுத்தி அறிவது அவசியம்.

காளான் என்பது யாது?

காளானை நாம் மரக்கறியோடு சேர்த்துச் சமைத்தாலும் அது தாவரம் அன்று. அதற்குப் பச்சையம் இல்லை. சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்க அதனால் முடியாது. அது பங்கசு இனத்தைச் சேர்ந்தது. பங்கசுக்களின் கலச்சுவரில் உள்ள கைற்றின் என்னும் பொருளே இறாலின் ஓட்டிலும் உண்டு. பரம்பரை உறவில் பங்கசுக்கள் தாவரங்களை விட விலங்குகளுக்கே நெருங்கியவை.

நாம் உண்டபின் செரிக்கிறோம். பங்கசோ செரித்தபின் உண்கிறது. நொதியங்களை வெளியே சுரந்து, உக்கும் மரத்தையும் இலையையும் கரைத்து, அந்தக் கரைசலை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த வேலையைச் செய்வது மண்ணுக்குள் நூல்போற் பரந்துள்ள இழைகளின் வலையாகும். குடை அதன் கனி மட்டுமே. வித்திகளைப் பரப்புவதே அதன் தொழில். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலக் காடொன்றில் ஒரே பங்கசின் வலை ஏறத்தாழ 2,400 ஏக்கரில் பரந்திருக்கிறது.

அப்ப மாவைப் புளிக்கச் செய்வதும், திருப்பலிக்குரிய திராட்சை இரசத்தை நொதிக்கச் செய்வதும் மதுவம் என்னும் பங்கசே. 1869 இல் நம் நாட்டின் கோப்பிச் செடிகளில் காணப்பட்டு, சுமார் இருபது ஆண்டுகளில் அத்தொழிலையே வீழ்த்தி, மலையகத்தைத் தேயிலை நாடாக்கிய இலைத்துரு நோயும் பங்கசே.

புற்றுக் காளான்

புற்றுக் காளான் ஆண்டுதோறும் அதே இடத்தில் முளைப்பதை நம் பெரியோர் அறிவர். கறையான்கள் தாம் மென்ற மரத்துகளைக் கொண்டு புற்றினுள் பாத்தி கட்டி, அதில் பங்கசை வளர்த்து உண்கின்றன. மனிதன் ஏர் பிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே அவை கமக்காரராகிவிட்டன. மழைக்குப்பின் அந்தப் பாத்தியிலிருந்து எழுவதே நாம் பறிக்கும் காளான். புற்றை அடியோடு தோண்டியழித்தால் அடுத்த ஆண்டு அங்கே காளானும் இராது.

நம்பிக்கைகளைச் சோதிப்போம்

1. "இடி இடித்தால் காளான் முளைக்கும்." காளானின் மொட்டுகள் முன்னரே மண்ணுள் உருவாகியிருக்கும். மழைநீரை உறிஞ்சிக் கலங்கள் விரைவாகப் பருப்பதால் அது ஓரிரவில் எழுகிறது. இடியும் மழையும் சேர்ந்து வருவதே இந்நம்பிக்கைக்குக் காரணம்.

2. "நஞ்சுக் காளான் வெள்ளிக் காசையோ உள்ளியையோ கறுக்கச் செய்யும்." இது முற்றிலும் தவறு. உயிர்கொல்லும் நஞ்சுகள் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை.

3. "நத்தையோ புழுவோ தின்றது நமக்கும் நல்லது." நம்மைக் கொல்லும் நஞ்சு நத்தையைக் கொல்வதில்லை.

4. "நிறமுள்ளதே நஞ்சு, வெள்ளை நல்லது." உலகின் மிகக் கொடிய காளான்களுட் சில தூய வெள்ளை நிறமானவை.

5. "மஞ்சளும் புளியும் இட்டு அவித்தால் நஞ்சு போய்விடும்." கொடிய காளான் நஞ்சுகள் கொதிநீரில் அழிவதில்லை.

2012 இன் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் பறித்த மரணக் காளானைச் சமைத்து உண்ட இருவர் இறந்தனர். அதன் இளமொட்டு, ஆசிய மக்கள் விரும்பி உண்ணும் வைக்கோற் காளானைப் போலவே தோன்றும். ஊரில் கற்ற அடையாளம் வேற்று நாட்டில் உதவாது. புலம்பெயர்ந்து வாழும் நம் உறவினருக்கும் இதை எழுதி அறிவிப்பது நன்று.

நாம் செய்ய வேண்டியவை

ஐயமுள்ள காளானை உண்ணாது விடுவதே ஒரே பாதுகாப்பு. பறிக்கச் செல்லும் பிள்ளைகளோடு, இனங்களை நன்கு அறிந்த பெரியவர் ஒருவர் செல்லட்டும். உண்டபின் வாந்தியோ வயிற்றோட்டமோ கண்டால் எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ஆறு மணித்தியாலங்களுக்குப் பின் தொடங்கும் வாந்தி மிக ஆபத்தானது. இடையில் நோயாளி தேறியதுபோலத் தோன்றுவார். அவ்வேளையிலும் நஞ்சு ஈரலை அழித்துக்கொண்டிருக்கும். ஆகவே "சுகமாகிவிட்டது" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

காளான் உண்ண விரும்புவோருக்குச் சிறந்த வழி அதனைப் பயிரிடுவதாகும். வைக்கோலிலும் மரத்தூளிலும் சிப்பிக் காளான் நன்கு வளரும். நிழலுள்ள சிறு கொட்டிலும், சுத்தமும், ஈரப்பதனும் போதும். நல்ல வித்தைப் பெறுவதே முதற்படி. காணியில்லாக் குடும்பங்களும் இதில் ஈடுபடலாம்.

கலந்துரையாடலுக்கு

1. காளான் பற்றி நமது கிராமத்தில் வழங்கும் நம்பிக்கைகள் எவை? அவற்றுள் ஆபத்தானவை எவை?

2. உண்ணத்தக்க காளான்களை நன்கு அறிந்த முதியோர் நம்மிடையே யார்? அவர்களின் அறிவை இளையோர் பெறுவது எவ்வாறு?

3. நமது சங்கத்தில் நான்கைந்து குடும்பங்கள் இணைந்து காளான் வளர்ப்பைத் தொடங்க முடியுமா?