மார்கழிப் பனியில் விரால்

கேள்வி: ஐப்பசி வரை நன்றாகக் கடித்த விரால், மார்கழி விடியலில் தூண்டிலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே? (மேலூர் வாசகர்)

பதில்: மீனுக்குத் தனி உடற்சூடு கிடையாது, தண்ணீர் குளிர்ந்தால் அதுவும் குளிரும், செரிமானம் மந்தமாகும், பசி குறையும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இறகு கட்டிய தூண்டிலால் டார்பன் என்னும் மீனைப் பிடிப்பவர்களுக்கும் இதே பாடுதான். 2010 ஜனவரிக் குளிரில் அங்கே டார்பன்கள் செத்தே மிதந்தன.

மதுரைப் பக்கம் அந்த ஆபத்து இல்லை. ஜனவரி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். விரால் சாகாது, சோம்பும். ஆகவே விடியலை விடுங்கள். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் போங்கள். ஆழமில்லாத கரையோரம்தான் முதலில் சூடேறும். அல்லி, கோரை ஓரமாக இரையைப் போட்டு, மிக மெதுவாக இழுங்கள். விரால் காற்றைச் சுவாசிக்க மேலே வந்தே தீரும். அப்போது எழும் குமிழியைக் கவனிப்பவருக்கு இடம் தெரிந்துவிடும்.

கண்மாய் குத்தகையில் இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே தூண்டில் போடாதீர்கள். காவலுக்கு நிற்கும் தாய் தகப்பனைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.