கீழிறங்கும் வண்டியும் மீளும் மின்சாரமும்

செஞ்சிக் கோட்டையை அறியாதார் தமிழகத்தில் மிகச் சிலரே. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்து நிற்கும் அக்கோட்டை, 1677ஆம் ஆண்டில் சிவாஜியின் வசமாயிற்று. மராட்டியரின் படைத்தலங்களுள் ஒன்றாக, 2025ஆம் ஆண்டில் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை இக்குன்றுகளை ஒட்டிச் செல்கின்றது. பேருந்தும் லாரியும் இரைந்து செல்லும் அச்சாலையில், ஓசை எழுப்பாமல் ஓடும் மின்சாரக் கார்களும் இப்பொழுது காணப்படுகின்றன.

இராசகிரியின் உயரம் ஏறக்குறைய 240 மீட்டர். அதன் உச்சிக்குப் படியேறித்தான் செல்லல் வேண்டும். வண்டி செல்ல வழியில்லை. ஆயினும், கணக்கிற்காக ஒரு காரை அங்கே ஏற்றிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஆட்களோடு 1,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரை அவ்வளவு உயரத்திற்குத் தூக்க, ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரத்தின் ஆற்றல் வேண்டும். வீட்டு மின்கட்டணச் சீட்டில் எழுதப்படும் அதே யூனிட்தான் இது. கார் கீழே இறங்கும்போது அந்த ஆற்றல் என்னாகின்றது?

திருவண்ணாமலையில் கார்த்திகைத் திருவிழாவின்போது தேரோட்டம் கண்டவர்க்கு இதன் விடை எளிதில் விளங்கும். வடம் பிடிப்போர் ஆயிரவர் இருப்பினும், தேரை நிறுத்துவோர் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடும் சிலரே. கட்டையின்மீது சக்கரம் தேய்கின்றது, கட்டை சூடேறுகின்றது. தேரின் இயக்கம் வெப்பமாக மாறி வீணாகின்றது. காரின் சாதாரண பிரேக்கும் இத்தகையதே. மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவில் ஓடும் மேற்கூறிய காரை ஒருமுறை நிறுத்தினால், ஒரு யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆற்றல் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும்.

மின்சார மோட்டாரோ ஓர் அரிய இயல்பு உடையது. மின்சாரம் தந்தால் அது சுழலும். வேறொன்று அதைச் சுழற்றினால் மின்சாரம் தரும். ஓட்டுநர் காலை எடுத்தவுடன் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றத் தொடங்குகின்றன. அப்பொழுது உண்டாகும் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்புகின்றது. மோட்டார் தரும் எதிர்ப்பால் வண்டியின் வேகமும் குறைகின்றது. இதுவே மீட்புத் தடை. ஓட்டுநர்கள் சுருக்கமாக 'ரீஜென்' என்பர். இம்முறை புதியதன்று. 1920களின் இறுதியில் மும்பை – புணே இருப்புப்பாதை மின்மயமானபோது, போர் மலைச்சரிவில் இறங்கிய சரக்கு இன்ஜின்கள் மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பின. 2001ஆம் ஆண்டில் பெங்களூரில் வெளிவந்த ரேவா என்னும் சிறு காரிலும் இவ்வசதி இருந்தது.

முறை ஒன்றேயாயினும், அதை எவ்வளவு வலிமையாக வைத்துக்கொள்வது என்பதில் ஓட்டுநர்கள் ஒருமனப்படுவதில்லை. சிலர் மிக வலிய தடையையே விரும்புவர். ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினாலே வண்டி அடங்கி நிற்கவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். 2017ஆம் ஆண்டில் நிசான் லீஃப் என்னும் கார் இத்தகைய ஒற்றை மிதி ஓட்டத்தைப் பலர்க்கு அறிமுகம் செய்தது. செஞ்சிக் கடைத்தெருவில், முன்னே ஒரு பேருந்து நின்று ஆள் ஏற்ற, குறுக்கே ஒருவர் சைக்கிளைத் தள்ளிச் செல்ல, அடிக்கடி நின்று நின்று போகும் ஓட்டுநர்க்கு இம்முறை பெரிதும் உதவும். கால் ஒரு மிதியிலிருந்து மற்றொன்றிற்கு ஓயாது தாவவேண்டுவதில்லை.

நகரைக் கடந்து திண்டிவனச் சாலையில் செல்லும்போது நிலைமை வேறு. அங்கே வழி பெரும்பாலும் சமவெளி. மிதிவண்டி ஓட்டுவோர் விரைவு வந்ததும் மிதிப்பதை நிறுத்தி வண்டியைத் தானே ஓடவிடுவர் அன்றோ? காரையும் அவ்வாறே தடையின்றி உருளவிட விரும்புவோர் பலர். அவர்கள் கருத்திலும் நியாயம் உண்டு. இயக்கத்தை மின்சாரமாக்கி, அதைப் பாட்டரியில் சேர்த்து, மீண்டும் எடுத்து இயக்கமாக்கும்போது ஒவ்வொரு படியிலும் சிறிது இழப்பு நேர்கின்றது. நிறுத்தவேண்டிய தேவையே இல்லாதபோது, இயக்கத்தை இயக்கமாகவே விட்டுவைப்பதைவிடச் சிக்கனம் வேறில்லை. மீட்புத் தடை எவ்வளவு வலியதோ அவ்வளவு மிச்சம் என்று எண்ணுவது பிழை. பழகாத கால் அதை வெட்டி வெட்டிப் பயன்படுத்தினால், பின்னிருக்கையில் இருப்பவர்க்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாதலும் உண்டு.

ஆகவே அளவை மாற்றும் உரிமை ஓட்டுநரிடமே இருத்தல் நன்று. அவ்வுரிமை எங்கே அமைந்திருக்கிறது என்பதும் முக்கியம். 2019ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கோனா மின்சாரக் கார், சென்னையை அடுத்த தொழிற்சாலையில் பூட்டி இணைக்கப்பட்டது. அதன் ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்னே இரு சிறு நெம்புகள் இருந்தன. இடப்பக்க நெம்பை இழுத்தால் தடை கூடும், வலப்பக்கத்தது குறைக்கும். 2023ஆம் ஆண்டில் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரிலும் இத்தகைய நெம்புகள் அமைந்தன. சில கார்களிலோ தொடுதிரையைத் தட்டித் தேடியே அளவை மாற்ற இயலும். வளைவில் திரும்பும் ஓட்டுநர் சாலையை விட்டுத் திரையை நோக்குவது எத்துணை ஆபத்து! விரலுக்கு எட்டும் நெம்பே இவ்விடத்தில் சிறந்தது.

பின்னே வருவோரையும் கருதவேண்டும். பிரேக்கைத் தொடாமலே வண்டி மெதுவாகுமாயின், பின்வருபவர் அதை எங்ஙனம் அறிவர்? ஐக்கிய நாடுகளின் வாகன விதி இதற்கு ஒரு வரையறை வகுத்துள்ளது. மீட்புத் தடையால் வேகம் வினாடிக்கு வினாடி 1.3 மீட்டருக்கு மேற்பட்டுக் குறையுமாயின், பின்புறச் சிவப்பு விளக்கு தானே எரிதல் வேண்டும்.

இவ்விருப்பங்கள் யாவும் சமவெளியில் சுகத்தையும் சிக்கனத்தையும் பற்றியவை. மலைப்பாதையில் அவை உயிரைப் பற்றியவையாகின்றன. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்காடு சேலத்தைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர்ந்தது. அஃதாவது ஐந்து இராசகிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். அங்கிருந்து இறங்கும் காரிடம் ஐந்து யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. அனைத்தையும் பிரேக் தகடுகளே தாங்கினால் அவை பழுக்கக் காய்ந்து, அழுத்தியும் பிடிக்காத நிலை நேரலாம். நடுத்தரமோ வலியதோ ஆன மீட்புத் தடையை வைத்து இறங்குவோர்க்கு அத்தகடுகள் குளிர்ந்தே இருக்கும். காற்றும் சாலையும் கொண்டதுபோக எஞ்சியதில் பெரும்பகுதி பாட்டரியில் சேரும்.

ஆனால் ஒரு நுட்பம் இங்கே மறைந்துள்ளது. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் கொள்ளாது. ஏற்காட்டு விடுதியில் இரவு முழுதும் மின்னேற்றிப் பாட்டரியை நிரப்பிக்கொண்டு காலையில் இறங்குபவரின் காரில், மீட்டு வைக்க இடமில்லை. நெம்பை எவ்வளவு இழுத்தாலும் தடை மெலிந்தே வரும். நேற்று ஒற்றை மிதியால் நின்ற வண்டி இன்று முதல் வளைவில் நழுவி ஓடும். சில கார்கள் இக்குறையைச் சாதாரண பிரேக்கால் தாமே ஈடுசெய்யும். சில, திரையில் எச்சரிக்கை காட்டுவதோடு நின்றுவிடும். இதனை அறிந்த ஓட்டுநர் மலைமேல் பாட்டரியை முழுதும் நிரப்புவதில்லை. ஐந்தில் ஒரு பங்கேனும் வெறுமையாக விட்டுவைப்பர். இறங்கத் தொடங்குமுன் பிரேக் மிதியையும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பர். ஏனெனில் மீட்புத் தடையையே நம்பி ஓடிய காரில், நெடுநாள் பயன்படாத தகடுகள் மழை ஈரத்தில் துருவேறியிருத்தலும் கூடும்.