புயல் நோக்குவார்க்கு உரிய பாடம்

செஞ்சியைச் சார்ந்த வல்லத்திலும் அதன் சுற்றூர்களிலும் (தஞ்சையின் அயலதாகிய வல்லம் வேறு) வானத்தை நோக்கிச் செய்தி அறிவிக்க விரும்பும் இளைஞர் எவற்றைக் கற்றல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாளிரவு ஃபெங்கல் புயல் புதுவையை அடுத்துக் கரையேறிற்று. மறுநாட் காலை எடுத்த கணக்கின்படி, ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது, புதுவையில் 49. இருபதரைச் சென்டிமீட்டரளவைக் கடந்ததனையே வானிலைத் துறையார் அதிகனமழை என்பர். எனில், மயிலத்து மழையை என்னென்பது!

ராடார் இருக்க மனிதர் கண் எதற்கு என்று வினவுவாருளர். ராடாரின் கதிர் ஏறத்தாழ நேரே செல்ல, நிலவுலகு வளைந்து தாழ்கின்றது. ஆதலின் சென்னையினின்று நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நம் ஊர்களின்மேல் அக்கதிர் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திற் செல்லும். அதன்கீழ் நிகழ்வனவற்றை ஊரிலுள்ளாரே கண்டு கூறல் வேண்டும்.

அமெரிக்க நாட்டில் ஸ்கைவார்ன் என்னும் பெயரால் தொண்டர்க்குக் கட்டணமின்றி வகுப்புகள் நடக்கின்றன. அவற்றின் பெரும்பகுதி சமவெளிச் சுழற்காற்றைப் பற்றியது. நமக்கு அத்துணைப் பயன்படாது. 1896-இல் முதன்முதல் வெளிவந்து 2017-இல் புதுக்கப்பெற்ற உலக முகிற்படத் தொகுதியோ எந்நாட்டார்க்கும் உரியது. பட்டடைக்கல்போல் உச்சி தட்டையாய் விரிந்த இடிமுகிலை அதனிற் பலமுறை பார்த்தவர் வானத்திற் காணின் ஐயுறார். மின்னலுக்குப் புனே ஆராய்ச்சி நிலையத்தாரின் ‘தாமினி’ என்னும் கைப்பேசிச் செயலி உண்டு. அஃதில்லார், மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணி மூன்றால் வகுப்பின் தொலைவு கிலோமீட்டரிற் கிடைக்கும். முப்பது நொடிக்குக் குறையின் வயலை விட்டு வீடு புகுதல் வேண்டும்.

இனிக் காற்றுப் பாடம். இதற்கு வேண்டிய சொற்களைத் தமிழர் பண்டே ஆக்கி வைத்தனர்: வடக்கினின்று வருவது வாடை, கிழக்கினின்று கொண்டல், மேற்கினின்று கோடை, தெற்கினின்று தென்றல். டச்சு அறிஞர் பாய்ஸ் பாலட் 1857-இல் உரைத்த விதியை இவற்றோடு சேர்த்துப் படித்தல் நன்று. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயுள்ள நமக்குப் புயலின் நடுவிடம் இடக்கைப்புறம் சற்று முன்னாக இருக்கும். வாடை வன்மையாய் வீசும்போது தெற்கு நோக்கி நில்லுங்கள். இடக்கை கடலைக் காட்டும். பின்னர் வாடை கொண்டலாகத் திரியின் புயல் நமக்குத் தெற்கே கடக்கின்றது. கோடையாகத் திரியின் வடக்கே கடக்கின்றது. திசை திரியாது வலிமையே மிகுமாயின் நம்மை நோக்கி வருகின்றது. அப்போது திடீரென்று காற்று ஓய்ந்தால் அது புயலின் கண். சிறிது போழ்தில் எதிர்த்திசையினின்று காற்று முன்போலவே மோதும். இடையில் எவரும் வெளியே செல்லலாகாது.

மழையளக்க, பக்கம் நேரான பாத்திரமும் அளவுகோலும் போதும். மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ அதனினும் இருமடங்கு தள்ளி அதனை வைத்துக் காலை 8.30 மணிக்கு அளத்தல் முறை. மயிலத்தில் பெய்ததோ ஒரு முழத்திற்கும் மேல். சிறு பாத்திரம் வழிந்துவிடும். ஆகவே புயல்நாளில் மாலையிலேயே ஒருமுறை அளந்து, எழுதிக்கொண்டு, வெறுமையாக்கி வைக்க வேண்டும். எழுதுங்கால் ஊர், மணி, காற்றின் திசை, மழையளவு இந்நான்கும் தவறலாகாது. ‘பெருமழை’ என்று மட்டும் எழுதிய குறிப்பு எவர்க்கும் உதவாது. ஏரிக்கரை உடைப்புப்போன்ற இடரைக் கண்டால், மாவட்டக் கட்டுப்பாட்டறைக்கு உரிய 1077 என்னும் எண்ணில் அந்நான்கனையும் சேர்த்தே உரைக்க வேண்டும்.