தனித்திருந்து சபைக்குத் திரும்புதல்: ஹொல்ஸ்டெப்ரோவில் ஒருநாள் ஒடுக்கம்

திருச்சபையின் புதுப்பித்தல் என்றவுடன் புதிய கட்டடமும் புதிய பாடற்குழுவும் பலருடைய நினைவுக்கு வந்தாலும், அதன் வேர் தனிமனிதர் ஒருவர் வேதத்தின் முன் அமைதியாக அமர்ந்திருக்கும் நேரத்தில் இருப்பதை வரலாறு காட்டுகிறது. 1675-இல் ஜெர்மானியப் போதகர் பிலிப் யாக்கோப் ஸ்பேனர், விசுவாசிகள் வேதத்தைத் தாங்களே வாசித்துச் சிறு குழுக்களாகக் கூடிப் பேசவேண்டும் என்று 'பியா டெசிடேரியா' என்னும் நூலில் வேண்டியபோது, பியட்டிசம் எனப்படும் பக்தி மறுமலர்ச்சி இயக்கம் வேகம் பெற்றது. அவ்வியக்கத்தின் மையமான ஹாலே நகரில் பயின்ற அருட்பணியாளர்களான சீகன்பால்கும் புளூட்சாவும் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கால் அனுப்பப்பட்டு 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். தமிழ் லூத்தரன் திருச்சபை தனித்தியானத்தில் ஊன்றி எழுந்த ஒரு புதுப்பித்தலின் பிள்ளையே என்பதை இது உணர்த்துகிறது.

தனித்தியான நாளைத் தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலமாக 'ஞான ஒடுக்கம்' என்றும், சீர்திருத்தச் சபையினர் பலர் 'ரிட்ரீட்' என்றும் அழைக்கின்றனர். ஒடுக்கம் என்பது அன்றாட வேலையிலிருந்தும் பேச்சிலிருந்தும் விலகி, இறைவன் முன் மனத்தைக் குவித்திருக்கும் காலம் ஆகும். திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம் ஆமையை உவமையாக்கும். உறுப்புகளை உள்ளிழுத்த ஆமை அப்படியே இருந்துவிடுவதில்லை, மீண்டும் நடக்கிறது. அதுபோல, சபைக்குத் திரும்பிவராத ஒடுக்கம் நல்ல ஓய்வாக அமையலாமே தவிர, சபையின் புதுப்பித்தலாக அமையாது. பின்வரும் படிகள், 1980-களிலிருந்து டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் குடியேறி வாழும் ஈழத்தமிழ்க் கிறிஸ்தவர்களை மனத்தில் கொண்டு, மேற்கு யூட்லாந்து நகரமான ஹொல்ஸ்டெப்ரோவுக்கு ஏற்ப அமைக்கப்பட்டுள்ளன.

முதற்படி: சபையால் அனுப்பப்படுதல்

ஒடுக்கத்துக்குச் செல்பவர் தம் போதகரிடமோ குருவானவரிடமோ முன்கூட்டியே பேசி, சபையின் நலன் சார்ந்த ஒரே ஒரு கேள்வியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். 'நம் ஆராதனையில் இளையோர் ஏன் குறைகின்றனர்?' என்பது போன்ற கேள்வி விடை தேடும் ஆய்வுத் தலைப்பாகக் கருதப்படாமல், ஜெபத்தில் சுமந்து செல்லும் பாரமாகக் கருதப்பட வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் வெவ்வேறு இடங்களில் ஒரே நாளில் தனித்திருந்தால், பின்னர் அவர்கள் கூடிப் பேசுவதற்குப் பொதுவான அடித்தளம் அமையும்.

இரண்டாம் படி: நாளைத் தேர்தல்

டென்மார்க்கின் நாட்காட்டியில் இதற்குப் பொருத்தமான நாள் ஒன்று உண்டு. ஆண்டில் பல நாட்களில் சிதறிக்கிடந்த உபவாச, ஜெப நாட்களை பிஷப் ஹான்ஸ் பாகர் 1686-இல் ஒரே நாளாகத் தொகுத்தார். உயிர்த்தெழுதல் பெருவிழாவுக்குப் பின்வரும் நான்காம் வெள்ளியாகிய அந்நாள் 'ஸ்டோர பேடடாய்', அதாவது 'பெரிய ஜெப நாள்' எனப்பட்டது. பாதுகாப்புச் செலவுக்கு நிதி திரட்டும் நோக்கில் 2023-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2024 முதல் அது பொதுவிடுமுறை அன்று. அரசின் நாட்காட்டியிலிருந்து விலகிய நாளைச் சபை தன் மனமார மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். விடுப்பு எடுக்க இயலாதவர் மறுநாள் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம். ஏப்ரல் 17-க்கும் மே 21-க்கும் இடையில் வரும் இக்காலத்தில் ஏறக்குறைய 14 முதல் 17 மணிநேரம் வெளிச்சம் இருப்பதால் வெளியில் நடப்பதும் எளிது. டிசம்பரிலோ பகல் ஏழு மணிநேரமே நீடிக்கும்.

மூன்றாம் படி: இடத்தைத் தேர்தல்

ஹொல்ஸ்டெப்ரோவின் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், ஸ்டோரோ ஆற்றோடு ட்விஸ் ஓடை சேரும் பகுதியில், 1163-இல் சிஸ்டெர்சியன் துறவியருக்காக ஒரு மடம் நிறுவப்பட்டது. மௌனத்தையும் கைவேலையையும் இணைத்து வாழ்ந்த அத்துறவியரின் மடத்துக்கு 'பாதுகாப்பான பள்ளத்தாக்கு' என்று பொருள்படும் 'தூத்தா வாலிஸ்' என்னும் இலத்தீன் பெயர் வழங்கியது. 1536-இல் டென்மார்க் லூத்தரன் சீர்திருத்தத்தை ஏற்றபின் மடவாழ்வு முடிவுக்கு வந்தது; அவர்களுடைய ஆலயமும் இன்று இல்லை. எனினும் அந்த ஆற்றுவெளியில் நடப்பவருக்கு, ஜெபித்தவர்களின் நிலத்தில் நடக்கும் உணர்வு துணையாக இருக்கும். நடக்க இயலாதவர் வீட்டில் ஓர் அறையையோ, போதகரின் அனுமதியுடன் ஆலயத்தின் ஒரு மூலையையோ பயன்படுத்தலாம்.

நான்காம் படி: முந்தைய மாலை

பெரிய ஜெப நாளன்று அடுமனைகள் மூடப்பட்டிருந்ததால், முந்தைய மாலையிலேயே ஏலக்காய் மணக்கும் கோதுமை பன்களை வாங்கிச் சூடாக்கி, வெண்ணெய் தடவி உண்பது டேனியர் வழக்கமாயிற்று. ஏலக்காய் மணம் தமிழ் வீட்டுக்கு அந்நியமானதன்று என்பதால், குடும்பத்தார் அந்தப் பன்னோடும் தேநீரோடும் கூடி அமர்ந்து, செல்பவருக்காகச் சுருக்கமாக ஜெபித்து அனுப்புவது நல்ல தொடக்கமாக அமையும். வேதாகமம், கோடிட்ட குறிப்பேடு, பேனா, கைக்கடிகாரம், மேற்காற்றைத் தாங்கும் மழைச்சட்டை, சூடான பானம் நிறைந்த குடுவை, எளிய உணவு ஆகியவை போதுமானவை. செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவருக்குத் தெரிவித்தபின், கைபேசியை அணைத்து, அவசரத்துக்கு மட்டும் பையின் அடியில் வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: காலையில் இளைப்பாறுதல்

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில், சோர்ந்துபோன எலியாவுக்கு முதலில் தூக்கமும் அப்பமும் தண்ணீரும் கிடைக்கின்றன. இறைவனின் மெல்லிய குரல் அதற்குப் பின்னரே கேட்கிறது. எட்டு மணிக்குத் தொடங்குபவர் முதல் ஒன்றரை மணிநேரத்தை மெதுவாக நடப்பதற்கும் அமர்ந்திருப்பதற்கும் ஒதுக்க வேண்டும். தொழிற்சாலையிலோ முதியோர் இல்லத்திலோ இரவு வேலை பார்த்தவர் உறங்கிவிட்டால், அதைத் தோல்வியாக எண்ணத் தேவையில்லை.

ஆறாம் படி: நான்கு சர மாலை

மார்ட்டின் லூத்தர் 1535-இல், தம் முடிதிருத்துநரான பேதுரு பெஸ்கெண்டார்ஃப் என்பவருக்காக ஜெபிக்கும் எளிய முறை ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஒரு கட்டளையையோ வசனத்தையோ எடுத்துப் போதனை, நன்றி, அறிக்கை, விண்ணப்பம் என்னும் நான்கு சரங்களால் மாலையாகக் கட்டுவதே அம்முறை. லூத்தரன் எண்ணிக்கைப்படி மூன்றாவதான ஓய்வுநாள் கட்டளையை எடுத்துக்கொண்டால், அது என்ன கேட்கிறது என்பது முதற்சரம். இளமையில் ஆலயத்துக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற தாய்தந்தையருக்காக நன்றி கூறுவது இரண்டாம் சரம். ஆராதனை நடக்கும்போதே மனம் அடுத்த வார வேலைநேரத்தைக் கணக்கிட்டதை ஒப்புக்கொள்வது மூன்றாம் சரம். சபையார் அனைவரும் உண்மையான இளைப்பாறுதலைக் காணும்படி வேண்டுவது நான்காம் சரம். ஒவ்வொன்றுக்கும் கால்மணிநேரம் கொடுத்தால் ஒருமணிநேரம் நிறைவுறும்.

ஏழாம் படி: சபையை முன்வைத்து ஆத்தும சோதனை

உணவுக்குப்பின், குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை நடுக்கோட்டால் பிரித்து, சபையில் உயிரோட்டம் தென்பட்ட தருணங்களை ஒருபுறமும், தாம் விலகி நின்ற தருணங்களை மறுபுறமும் எழுத வேண்டும். மறுபுறம் பிறருடைய குறைகளால் நிறையத் தொடங்கினால் பேனாவை வைத்துவிட்டு, அவர்களுடைய பெயர்களைச் சொல்லி ஜெபிப்பதே முறை. இறுதியில், சுமந்து வந்த கேள்விக்கு மனத்தில் தெளிந்ததை ஒரே வாக்கியமாக எழுதி, நாளை நன்றியுடன் முடிக்கலாம்.

போரும் இழப்பும் கண்டவர்களுக்கு நீண்ட மௌனம் பழைய காயங்களைத் திறக்கக்கூடும் என்பதால், அத்தகையோர் முழுநாளும் தனித்திருக்காமல் நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகிலிருக்க இரண்டு மணிநேரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கலக்கம் தொடர்ந்தால் மருத்துவரை நாடுவதும் விசுவாசத்துக்கு முரணானதன்று.

எட்டாம் படி: திரும்புதல்

ஒரு வாரத்துக்குள் ஒடுக்கத்தில் பங்கேற்றவர்கள் கூடி, ஒவ்வொருவரும் தம் ஒரே வாக்கியத்தை வாசிக்க, மற்றவர்கள் மறுமொழி கூறாமல் கேட்க வேண்டும். அங்கே சொல்லப்பட்டது அங்கேயே தங்கவேண்டும் என்னும் உறுதியும் தேவை. பின்னர் எல்லாருடைய சம்மதத்துடன், வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வந்த ஒரு செய்தியை மட்டும் சபை மன்றத்திடம் கொண்டுசென்று, மூன்று மாதங்களில் செய்து முடிக்கக்கூடிய ஒரு சிறு செயலாக மாற்றலாம். பலர் தனிமையை எழுதியிருந்தால், ஆராதனைக்குப்பின் தனியாகத் தேநீர் அருந்துபவரின் மேசையில் இன்னொரு கோப்பையுடன் சென்று அமர்வதே அச்செயலாக இருக்கலாம். ஆற்றங்கரையில் ஒடுங்கியிருந்த நாளின் பலன் அந்த மேசையில் தெரியவரும்.